உருகுவதற்குள் பார்த்துவிட வேண்டுமா?

“உருகிப் போவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம்.” சென்ற டிசம்பர் விடுமுறைக்கு நியூசிலாந்தைத் தேர்ந்தெடுத்தபோது அப்பா சொன்ன காரணம் இதுதான். வழிகாட்டியுடன் பனியாற்றின்மீது நடக்கும் பயணத்துக்கு நான்கு பேருக்கும் பதிவு செய்தார். உயரம் என்றாலே பயப்படும் அம்மாவும் சம்மதித்தார்.

தெற்குத் தீவின் மேற்குக் கரையில் மழைக்காட்டை ஒட்டி இறங்கி வருகிறது ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு. 2012 வரை பள்ளத்தாக்கு வழியாக நடந்தே சென்று பனியில் ஏற முடிந்தது. பனியாறு பின்வாங்க, முகப்புப் பகுதி ஆபத்தானதாகிவிட்டது. அருகிலுள்ள ஃபாக்ஸ் பனியாற்றிலும் 2014இல் அதே நிலை. இப்போது இரண்டிலும் பனிமீது நடக்க ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும்.

சில நிமிடங்களில் பனிமீது இறங்கினோம். காலணிகளில் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டோம். கோடரியால் படி வெட்டியபடி வழிகாட்டி முன்னால் போக, அவர் கால் வைத்த இடத்தில்தான் நாங்களும் கால் வைக்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் வழி சொல்லும் அப்பா, என்னைவிடச் சற்றே மூத்த அந்தப் பெண்ணின் பின்னால் வாய் திறக்காமல் நடந்தார். (அதற்காகவே இன்னொரு முறை போகலாம்!) ஒரு நீலப் பிளவின் அருகே அம்மா கையுறையைக் கழற்றிப் பனியைத் தொட்டுப் பார்த்தார். பயம் போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் உயர்நிலை இரண்டு முடித்திருந்த தம்பி கேட்டான்: “புகையாலதானே இது உருகுது? அப்புறம் ஏன் ஹெலிகாப்டர்ல வந்தோம்?”

அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அங்குள்ள சிற்றூரின் பிழைப்பே பயணிகளை நம்பித்தான் இருக்கிறது. எனக்கு உறுத்துவது அந்த ‘உருகுவதற்குள்’ என்ற சொல். உருகுவதில் நமக்குப் பங்கே இல்லாததுபோல அது பேசுகிறது. சிங்கப்பூரிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் விமானத்தில் பறந்தவர்கள் நாங்கள்.

பிள்ளைகளுடன் போகும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். பனிமீது இறங்குவதற்கு முன் பள்ளத்தாக்கில் நடந்து பாருங்கள். நாங்கள் மறுநாள் தூறலில்தான் போனோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் கூழாங்கற்கள், சாம்பல் நிற ஆறு. பனி எங்கோ மேலே. பனிச்சரிவில் காதலனைப் பறிகொடுத்த ஹினே ஹுக்காதெரே என்ற பெண்ணின் கண்ணீர் உறைந்து பனியாறானது என்பது மாவோரி மக்களின் கதை. அவர்கள் மொழியில் அதன் பெயரும் அதுவே. முந்திய நாள் மேலே நின்றபோது எடுத்த நூறு படங்களில் ஒன்றுகூட அந்தத் தூரத்தைக் காட்டவில்லை.

அன்றிரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஹெலிகாப்டர் படத்தைப் பார்த்த அத்தை, “அடுத்த வருஷம் நாங்களும் போறோம்” என்று எழுதினார். அப்பா சற்று நேரம் யோசித்துவிட்டு, கூழாங்கல் படத்தையும் அனுப்பினார்.