ஊருக்குத் தெரியாமல் ஒரு துளை

கனிமச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே ஒரு கணக்கு வந்துவிடுகிறது. கனிமம் கிடைக்க வாய்ப்புள்ள நிலத்தில் இந்தியா பத்து விழுக்காட்டைத்தான் தேடிப் பார்த்திருக்கிறதாம்; மிச்சத்தைச் சட்டம் கட்டிப் போட்டிருக்கிறதாம். தேடுகிறவர்களைத் தடுக்காதீர்கள், ஏலத்தைத் தளர்த்துங்கள், கருத்துக்கேட்பை எடுத்துவிடுங்கள், லித்தியமும் டங்ஸ்டனும் தானாக வெளியே வரும் என்பது வாதம். கனிமம் தேடும் நிறுவனங்களும் அவர்களுக்காக எழுதுகிறவர்களும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டம் 2015, 2021, 2023, 2025 என்று பெரிய அளவில் நான்கு முறை திருத்தப்பட்ட பிறகும் அவர்களுக்கு மனம் நிறையவில்லை.

இதற்கும் போளூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டிப் போனால் வரும் மேல்மலை ஊர் போளூர். பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ் போட்டுப் பிழைக்கிற மலை. அங்கே சுரங்கம் வரப்போகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தமிழகத்தில் பாக்சைட் இருக்கும் மாவட்டங்கள் என்று இந்தியச் சுரங்கப் பணியகத்தின் கனிம ஆண்டுநூல் சொல்லும் பட்டியலில் நாமக்கல், நீலகிரி, சேலத்தோடு திண்டுக்கல்லும் உண்டு. சேலத்துக்கு ஏற்காடு, நாமக்கல்லுக்குக் கொல்லிமலை என்றால் திண்டுக்கல்லுக்குப் பழனி மலைதான். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போன கதை சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். பாக்சைட்டிலிருந்து அலுமினா பிரிக்கும்போது உபரியாகக் கிடைப்பது காலியம். அந்தக் காலியம் 2023 திருத்தம் ‘முக்கியமானவை’ என்று தனியே பிரித்த 24 கனிமங்களில் ஒன்று. ஆகவே மேல்மலைக்காரர் இந்த விவாதத்தைக் காது கொடுத்துக் கேட்பதில் தவறில்லை.

சட்டம்தான் தேடலைத் தடுக்கிறது என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 2015-க்கு முன்பு முதலில் விண்ணப்பித்தவருக்குத் தேடும் உரிமை. தேடிக் கண்டவருக்கே சுரங்கக் குத்தகை. 2015 ஜனவரியில் எல்லாம் ஏலம் என்றானது. கையிலிருந்து காசு போட்டுக் காடு மேடெல்லாம் அலைந்தவர், தான் கண்டதை ஏலத்தில் இன்னொருவர் கொண்டுபோவதைப் பார்க்க வேண்டியதாயிற்று. பழைய உரிமத்தை வைத்துக் காத்திருந்தவர்களின் உரிமையையும் 2021 திருத்தம் காலாவதியாக்கியது. செலவழித்த காசைத் திருப்பித் தருகிறோம் என்றது. தனியார் தேடல் படுத்துப்போனதற்கு இது காரணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் மற்ற பாதியையும் பார்க்க வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2023-இல் ‘ஆய்வு உரிமம்’ வந்தது. ஒரே உரிமத்தில் ஆயிரம் சதுர கிலோமீட்டர் வரை, ஐந்து ஆண்டு, வேண்டுமானால் இன்னும் இரண்டு ஆண்டு தேடலாம். கனிமம் இருப்பது நிரூபணமானால் ஆறு மாதத்துக்குள் அரசு அதை ஏலம் விட வேண்டும். ஏலத் தொகையில் தேடியவருக்குப் பங்கு. இவ்வளவு கொடுத்தபின் என்ன ஆயிற்று? 2023 நவம்பரில் மத்திய அரசு முதல் தவணையாக 20 முக்கியக் கனிமத் தொகுதிகளை ஏலத்துக்கு வைத்தது. 13 தொகுதிகளுக்குத் தகுதியான ஏலதாரர் மூன்று பேர்கூடத் தேறவில்லை; ரத்து. காஷ்மீர் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியத் தாது என்று 2023 பிப்ரவரியில் நாடே கொண்டாடியதே, அந்தத் தொகுதிக்கும் அதே கதிதான். அங்கே லித்தியம் இருப்பது களிமண்ணும் பாக்சைட்டும் கலந்த அடுக்கில். அதிலிருந்து லாபமாகப் பிரித்தெடுக்கும் வழி உலகத்தில் இன்னும் வணிக அளவில் ஊன்றவில்லை. அந்த இடத்தில் லித்தியத்தின் தடயம் உண்டு என்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1990-களிலேயே குறித்து வைத்திருந்தது. ஆக, தேடியும் ஆயிற்று, கண்டும் ஆயிற்று, ஏலமும் ஆயிற்று. எடுக்கத்தான் ஆள் வரவில்லை. எந்தச் சட்டத்தைத் திருத்தி இதைச் சரிசெய்வது?

அடுத்த வாதம்தான் மலைக்காரரை நேராகத் தொடுவது. தேடுவது வேறு, தோண்டுவது வேறு. தேடுவதால் ஒரு கெடுதியும் இல்லை. நாலு துளை போட்டு, கல்லை எடுத்துக்கொண்டு, துளையை மூடிவிட்டுப் போய்விடுவோம் என்கிறார்கள்.

தேடுவதும் தோண்டுவதும் ஒன்றல்ல என்பது சரி. பெரும்பாலான தேடல் சுரங்கத்தில் முடிவதும் இல்லை. ஆனால் தேடலுக்கு நான்கு படிகள் உண்டு. துறைக்காரர்கள் ஜி-4 என்று தொடங்கி ஜி-1 என்று முடிப்பார்கள். முதல் படியில் விமானத்திலிருந்து அளப்பது, ஓடை மண்ணை அள்ளிச் சோதிப்பது, வரைபடம் போடுவது. படி ஏற ஏற துளைகளுக்கு இடையிலான தூரம் குறையும், எண்ணிக்கை கூடும். பழைய சட்டத்தில் முதற்கட்ட வேவு பார்த்தலில் குழி வெட்டவோ துளையிடவோ கூடாது என்று தெளிவாகவே இருந்தது. 2023 திருத்தம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. தேடலே மென்மையானது என்று சொல்லிக்கொண்டே, அதில் மென்மையாக இருந்த பகுதியைக் கடினமாக்கியிருக்கிறார்கள். அதே ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தையும் திருத்தி, வனத்துக்குள் கனிமம் தேடுவதை ‘வனம் சாராத பயன்பாடு’ என்று கருத வேண்டியதில்லை என்றாக்கினார்கள். மத்திய அரசு விதிக்கும் நிபந்தனைக்கு உட்பட்டால் போதும்.

மலையில் துளையைவிடத் துளைக்குப் போகும் வழிதான் சேதம். துளையிடும் எந்திரம் பறந்து வராது. அதற்குத் தடம் வெட்ட வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும், கலங்கிய தண்ணீரை எங்காவது விட வேண்டும். பாக்சைட் இருப்பது மலையின் உச்சித் தட்டில். நுண்துளைகள் நிறைந்த அந்தத் தொப்பிதான் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு சரிவில் ஊற்றாகக் கசியவிடுகிறது. மேல்மலையின் வடக்குச் சரிவு ஓடைகள் குதிரையாற்றில் சேர்ந்து அமராவதிக்குப் போகின்றன. கீழே பழனிப் பக்கத்து வயல்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடைக்கானல் மலையில் அனுமதி இல்லாமல் ஜேசிபி ஓட்டக் கூடாது, போர் போடக் கூடாது, பாறைக்கு வெடி வைக்கக் கூடாது. சொந்தப் பட்டா நிலத்தில் பூண்டுப் பாத்தியைச் சமன் செய்ய நினைப்பவரும் அலுவலக வாசலில் நிற்க வேண்டும். சுற்றுலா வருபவரின் காருக்கு 2024 மே முதல் இ-பாஸ். இவையெல்லாம் நியாயமான கட்டுப்பாடுகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை கட்டுப்பாட்டுக்கும் பழகிய மலையிடம், ‘எங்கள் எந்திரத்துக்கு மட்டும் இவ்வளவு கேள்வி எதற்கு’ என்று கேட்பது வேடிக்கை.

சரணாலயம் இருக்கிறதே, பிறகென்ன பயம் என்பார்கள். உண்மைதான். கொடைக்கானல் வனவுயிர் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். சரணாலயத்துக்குள்ளும் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது, 2023-இலும் உறுதி செய்தது. பெரிய காவல்தான். ஆனால் அறிவிக்கை ஒன்று இருந்துவிட்டால் ஏல வரைபடம் அதைப் பார்த்து ஒதுங்கிப் போகும் என்று நம்ப, மேலூருக்குப் பிறகு எனக்குத் துணிவில்லை.

மேலூர் கதையை இங்கே முழுதாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் தேடுவோரின் மூன்றாவது வாதத்துக்கு அதுவே பதில். மக்கள் கருத்துக்கேட்புதான் எல்லாவற்றையும் தாமதப்படுத்துகிறது என்பது அந்த வாதம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். கனிமத் தேடலுக்குக் கருத்துக்கேட்பு என்ற ஒன்றே கிடையாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளில் தேடலுக்கு விலக்கு உண்டு. கருத்துக்கேட்பு வருவது சுரங்கம் கேட்கும்போதுதான். இல்லாத ஒன்று தேடலை எப்படித் தாமதப்படுத்தும்?

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, பரப்பு 2015.51 ஹெக்டேர். அரிட்டாபட்டி, நரசிங்கம்பட்டி, வல்லாளப்பட்டி உள்ளிட்ட ஊர்கள் அதற்குள். அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. தமிழகத்தின் முதல் தலம் அதுதான். அந்த இடமும் ஏலத் தொகுதிக்குள்ளேயே இருந்தது, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 2024 பிப்ரவரியில் ஏலத்துக்கு வைத்தார்கள். நவம்பர் 7-ஆம் தேதி ஹிந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு. அதுவும் வெறும் தேடல் உரிமம் அல்ல, தேடலும் சுரங்கமும் ஒன்றாகக் கட்டிய கூட்டு உரிமம். தேடுவது வேறு, தோண்டுவது வேறு என்பவர்கள் இந்த உரிமத்தின் பெயரை ஒருமுறை படிக்கலாம்.

பிறகு நடந்தது ஊரறிந்தது. டிசம்பர் 9-இல் சட்டமன்றத் தீர்மானம். டிசம்பர் 24-இல் தொகுதியின் எல்லையை மறுபடி பார்க்கச் சொல்லி நிலவியல் ஆய்வுத்துறைக்கு மத்திய அரசின் உத்தரவு. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. இதற்கிடையே தில்லியும் சென்னையும் யார் யாருக்கு எப்போது கடிதம் எழுதினார்கள் என்று தேதி காட்டிச் சண்டை போட்டன. மாநிலம் 2023 அக்டோபரிலேயே எதிர்த்து எழுதியது என்றது சென்னை. ஏலம் நடந்தபோது எதிர்ப்பே வரவில்லை என்றது தில்லி. அரிட்டாபட்டி ஊராட்சிக்கு எழுதிய கடிதம் என்று இருவரில் எவரும் ஒன்றையும் எடுத்துக் காட்டவில்லை.

ஏலம் தொடங்கியதிலிருந்து ரத்தாகும் வரை பதினோரு மாதம் போயிற்று. அதில் ஒரு நாளைக்கூடக் கருத்துக்கேட்பு விழுங்கவில்லை, நடந்தால்தானே விழுங்கும். முதலில் கேட்டிருந்தால் மந்தையில் ஒரு மாலையில் முடிந்திருக்கும் பேச்சு அது. கிரானைட் குவாரிகள் மலைகளை என்ன செய்தன என்று கண்ணால் கண்ட வட்டத்து மக்கள், டங்ஸ்டன் என்றதும் பூத்தூவியா வரவேற்பார்கள்?

இதிலிருந்து பாடம் படித்தார்களா என்றால், தலைகீழாகப் படித்தார்கள். 2025 செப்டம்பர் 8-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் சுரங்கம் கேட்டால் இனி மக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம். மாநில அளவில் அல்லாமல் தில்லியிலேயே பரிசீலனை. கன்னியாகுமரி கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கடற்கரை மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் கருத்துக்கேட்பு வைத்து, எதிர்ப்பால் தள்ளிப்போட்டார்கள். இனி தள்ளிப்போடும் தொல்லைகூட இல்லை. குறிப்பாணையைத் திரும்பப் பெறும்படி தமிழக முதல்வர் பிரதமருக்கு எழுதினார்.

வெளிநாட்டில் இப்படியெல்லாம் கேள்வி கேட்பதில்லை என்று சொல்பவர்கள் கனடாவைப் பார்க்கட்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் யார் வேண்டுமானாலும் கணினியில் வரைபடத்தைச் சொடுக்கிக் கனிம உரிமை பதிந்துகொள்ளலாம் என்றிருந்தது. பூர்வகுடி மக்களைக் கலக்காமல் அப்படிப் பதியவிடுவது அரசின் கடமையை மீறுவது என்று கிட்காலா மக்கள் தொடுத்த வழக்கில் 2023 செப்டம்பரில் அந்த மாகாண உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறையை மாற்ற 18 மாதம் கொடுத்தது. 2025 மார்ச் 26 முதல், பதிவதற்கு முன்பே கலந்து பேசியாக வேண்டும். அங்கேயும் தேடுவோர் சங்கங்கள் தொழில் போயிற்று என்று முறையிட்டன. தேடுவோரின் சொர்க்கம் என்று நம்மிடம் காட்டப்படும் நாடு போகும் திசை இது. நம் ஊரிலேயே ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி பன்னிரண்டு கிராம சபைகள் கூடி, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. அது வன உரிமைச் சட்டத்தின் பலம். பளியர், புலையர் குடிகள் இருக்கும் பழனி மலையிலும் அதே சட்டம்தான்.

கண்டவருக்கே குத்தகை கொடு என்ற கோரிக்கை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. யாருக்கு முதலில் கோப்பு நகர்ந்தது என்ற கேள்வியில்தான் பழைய முறை நாறியது. 2014-இல் இருநூறுக்கும் மேற்பட்ட நிலக்கரி ஒதுக்கீடுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது நினைவிருக்கும். தேடியவருக்குக் கூலி தாமதமாகிறது என்ற குறை மட்டும் நியாயம். யாரோ ஏலம் எடுத்து, யாரோ தோண்டி, பிறகு பங்கு வருவதற்குள் தேடியவர் கடையைக் கட்டிவிடுவார். அதற்கு மருந்து கண்டுபிடிப்புக்கு உடனே பணம் தருவது. குத்தகையைத் தூக்கிக் கொடுப்பதல்ல.

சீனா ஏற்றுமதியை இறுக்குகிறது, ஆகவே அவசரம் என்ற கடைசி வாதம் கேட்கக் கம்பீரமாக இருக்கும். 2025-இல் சீனா டங்ஸ்டனுக்கும் சில அருமண்களுக்கும் கட்டுப்பாடு போட்டது மெய்தான். ஆனால் சீனாவின் பிடி சுத்திகரிக்கும் ஆலையிலும் காந்தம் செய்யும் ஆலையிலும் இருக்கிறது. அருமண் தரும் மோனசைட் நம் கடற்கரைகளில் கோடி டன்னுக்கு மேல் கணக்கிடப்பட்டிருக்கிறது, மணவாளக்குறிச்சியில் அரசு நிறுவனம் பல பத்தாண்டுகளாக மணல் பிரிக்கிறது. அப்படியும் காந்தத்துக்கு நாம் கையேந்துகிறோம். மேல்மலையில் இன்னும் நூறு துளை போட்டால் அந்தக் காந்த ஆலை வந்துவிடாது.

2025 திருத்தத்தில் ஒரு வரி இருக்கிறது. கனிமத் தேடலுக்கான தேசிய அறக்கட்டளைக்குக் குத்தகைதாரர் கட்டும் தொகை, ராயல்டியில் இரண்டு விழுக்காடாக இருந்தது மூன்றாகிறது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்தால் போதும். எந்தத் தொகுதியையும் ஏலத்துக்கு அனுப்புவதற்கு முன், எந்த எந்திரமும் மலையேறுவதற்கு முன், சர்வே எண்ணோடு தமிழில் ஒரு வரைபடம் அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டலாம். நிலவியல் அதிகாரி ஒருவரைக் கிராம சபைக்கு அனுப்பி, எங்கே துளை, எத்தனை, தடம் எந்த வழி, தண்ணீர் எந்த ஓடையிலிருந்து என்று சொல்லச் சொல்லலாம். ஆய்வு உரிம விதியில் இதைக் கட்டாயமாக்கச் சொல்லித் தேடுவோர் சங்கங்களே மனுக் கொடுக்கட்டும். நாயக்கர்பட்டியில் ஏலம் எடுத்து அதை இழந்தது அவர்களைப் போன்ற ஒரு நிறுவனம்தானே.