மெத்தைக்குள் தைத்த ரொட்டி

சிறை இலக்கியத்தை அது வரவழைக்கும் கண்ணீரால் எடைபோடுவது நம் வழக்கம். சிறையிலிருந்து மீண்டவர்கள் வைத்திருக்கும் தராசு வேறு. 1962 நவம்பரில் மாஸ்கோவின் 'நோவி மிர்' இதழில் ரஷ்ய எழுத்தாளர் சோல்செனித்சினின் 'இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்' வெளியானது. ஸ்டாலின் கால முகாமில் ஒரு கைதி கண்விழிப்பதிலிருந்து உறங்கப்போவது வரைதான் கதை. மெத்தைக்குள் ஒளித்துத் தைத்த ரொட்டித் துண்டு, காலணிக்குள் செருகிய கரண்டி, கடுங்குளிரில் திரும்பத் திரும்பத் தலையெண்ணிக்கை. அதைப் படித்த முன்னாள் கைதிகள் ஆசிரியருக்குக் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். கோலிமா முகாம்களில் பல்லாண்டு வதைபட்ட எழுத்தாளர் வர்லாம் ஷலாமவ், பாராட்டிய கையோடு ஒரு சந்தேகமும் கிளப்பினார்: முகாமில் பூனை எப்படி உயிரோடு திரிகிறது? அசல் முகாமென்றால் அதை என்றோ தின்று தீர்த்திருப்பார்களே! பட்டினியைத் தின்று வாழ்ந்தவருக்கே தோன்றும் கேள்வி அது. தப்பிப் பிழைத்தவர்கள் எழுத்தில் முதலில் தேடுவது இரக்கத்தை அல்ல, துல்லியத்தை. கொடுங்கோன்மை ஆளை அடைத்ததோடு நிற்பதில்லை. அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று சாதித்து அவர் நினைவையும் பூட்டிவிடுகிறது. ஒரு ரொட்டித் துண்டைப் பிசகில்லாமல் எழுதிய வரி அந்தப் பூட்டைத் திறக்கிறது. பின்னாளில், அப்படிக் கடிதம் எழுதியவர்கள் உட்பட 227 பேரின் சாட்சியங்களைத் துணைகொண்டு, சோவியத் முகாம்களைப் பற்றிய சோல்செனித்சினின் 'குலாக் தீவுக்கூட்டம்' எழுந்தது. படித்து முடித்தவர் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறார் என்றால், ஒரு புத்தகத்துக்கு அதைவிடப் பெரிய விருது வேறென்ன?