அயற்கூற்றுக் கணக்கு

நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குவதை நம் பள்ளிக்கூடங்கள் இலக்கணம் என்று சொல்லிக் கணக்காகப் போதிக்கின்றன. காற்புள்ளியை எடு, மேற்கோள் குறிகளை நீக்கு, 'தட்' சேர், காலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளு, 'நௌ' போய் 'தென்' வரட்டும். ரென்–மார்ட்டின் புத்தகத்தைத் தலைமுறை தலைமுறையாக உருப்போட்டவர்களுக்கு, இத்தனைக்குப் பிறகும் அர்த்தம் அப்படியே இருக்கிறது என்று நம்பிக்கை. இது மூடநம்பிக்கை என்கிறேன்.

'யூ ஆர் ராங்' என்று ஜான் பில்லிடம் சொல்கிறான். விதிப்படி மாற்றினால் 'ஜான் டோல்ட் பில் தட் ஹி வாஸ் ராங்'. இப்போது தவறு ஜானுடையதா, பில்லுடையதா? வாக்கியத்துக்கே தெரியாது. ஒருவன் 'அலாஸ்!' என்றால் மாணவன் 'துக்கத்துடன் கூவினான்' என்று எழுதியாக வேண்டும். துக்கம் என்று யார் சொன்னது? கேலியாகவும் இருக்கலாமே. தொனியைத் தீர்மானிப்பது விமர்சனக் காரியம். அதை யாந்திரிகமாகச் செய்யப் பழக்கிவிட்டு மதிப்பெண்ணும் போடுகிறார்கள்.

மேற்கோள் குறியும் ஒன்றும் தெய்வ வாக்கல்ல. ஜாய்ஸுக்கு அது கண்ணை உறுத்தியது. 1914ல் 'டப்ளினர்ஸ்' அவர் விருப்பத்துக்கு மாறாக அக்குறிகளோடு அச்சாயிற்று. 1922ல் 'யுலிஸிஸ்' பேச்சுக்கு முன் வெறும் கோட்டோடு வந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஜேன் ஆஸ்டின், குறியும் இல்லாமல் 'அவள் நினைத்தாள்' என்பதும் இல்லாமல், பாத்திரத்தின் மனக்குரலைத் தன் நடைக்குள்ளேயே ஓடவிட்டிருக்கிறார். இது நேர்க்கூற்றுமல்ல, அயற்கூற்றுமல்ல. ஆங்கில நாவலின் உயிர் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பயிற்சிப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இந்த இடைவெளியைப் பார்க்கத் தெரியாதவர்கள் கையில் சட்டமும் இருந்திருக்கிறது. 1857ல் 'மதாம் பொவாரி' வழக்கில், நாயகியின் பரவசத்தை அரசு வக்கீல் ஃப்ளாபெரின் வாக்குமூலமாகவே வாசித்தார். ஃப்ளாபெர் விடுதலையானார், வக்கீலின் வாசிப்புக்கு மட்டும் ஆயுள் நீடித்துவிட்டது.

நம் விமர்சகர்கள் எழுதும் கதைச் சுருக்கங்களில் அதைப் பார்க்கிறேன். ஒரு பாத்திரம் கசந்து சொன்ன வார்த்தை மறுபத்தியில் 'ஆசிரியர் கூறுகிறார்' ஆகிவிடுகிறது. பிறகு அந்த ஆசிரியர் நசிவுவாதி என்று தீர்ப்பு. குறிகளை அழித்தவர் விமர்சகர், தண்டனை படைப்பாளிக்கு. முதலில் குரல் யாருடையது என்று கேட்டுக்கொள்ளட்டும். அதைக்கூடக் கேட்காதவர் விமர்சனம் எழுதவில்லை, எட்டாம் வகுப்புப் பரீட்சையைத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.