பிடரி இழுக்காட்டியும் பிறசர் இருக்கும்

"எனக்குப் பிறசர் ஏறினா எனக்கே தெரியும். பிடரி இழுக்கும், தலை சுத்தும்." திருக்கேதீஸ்வரம், மாந்தைப் பக்கம் மட்டுமில்லை, எந்த ஊரிலும் பெரியாக்கள் சொல்லுற வசனம் இது. வட்ஸ்அப்பில் வாற 'உயர் குருதி அமுக்கத்தின் ஏழு அறிகுறிகள்' வகைப் பதிவுகளும் இதையேதான் சொல்லுகின்றன. அந்தப் பட்டியல்கள் உதவுறதை விடக் கெடுக்கிறதுதான் கூட என்பது என் எண்ணம்.

கூடின அமுக்கம் பெரும்பாலும் ஒண்டுமே காட்டாது. தலையிடி வெயிலாலும் வரும், நித்திரை முழிச்சாலும் வரும். 140/90க்கு மேலே வருசக்கணக்கில் இருக்கிற ஒருவர் வலை இழுப்பார், வயலுக்குப் போவார், சிரிச்சுக் கதைப்பார். உள்ளுக்குள் இதயமும் சிறுநீரகமும் மெல்ல மெல்லப் பழுதாகும். உலகத்தில் 30 முதல் 79 வயது வரையானவர்களில் 128 கோடிப் பேருக்கு இது இருப்பதாகவும், அவர்களில் 46 வீதமானோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. அப்படியான ஒருவருக்கு முதல் அறிகுறியே பாரிசவாதமாக இருக்கலாம்.

அறிகுறியை நம்புறதில் இன்னொரு கெடுதியும் இருக்கு. "இப்ப பிடரி இழுக்கேல்ல, பிறகேன் குளிசை?" என்று பாதியில் நிப்பாட்டுகிறார்கள். குளிசை போட்டபடியால்தான் அமுக்கம் இறங்கி நிக்குது என்பதை ஒருவரும் விளங்கப்படுத்தியிருக்க மாட்டார்கள். (கலைப்பீடத்துக்காரருக்கு ஏன் இந்த மருத்துவக் கதை என்று கேட்கலாம். இது மருந்தை விடப் பழக்கத்தைப் பற்றின கதை.)

வாய் ஒரு பக்கம் கோணுறது, ஒரு கை விழுறது, பேச்சுக் குழறுறது, நெஞ்சு நோவு, திடீரென்று பார்வை மங்குறது: இதுகள் வந்தால் பிறசர் மெசினைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. ஆனால் இதுகளை எச்சரிக்கை என்று சொல்லமுடியாது. சேதம் அப்போதே தொடங்கியிருக்கும்.

அப்படியானால் அளந்து பார்க்கிறதைத் தவிர வேறு வழியில்லை. அரச ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே வாறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கிளினிக் நேரத்தில் ஆம்பிளையள் கடலிலோ வேலையிலோ நிற்பார்கள். கருவாடும் உப்புமாய்ச் சாப்பிடுற எங்கட கரையில் இது சின்ன விசயமில்லை. ஆட்கள் வராவிட்டால் மெசின்தான் ஆட்களிடம் போகவேண்டும். இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருசத்தில் அந்தக் கிராமங்களில், வழமையான சிகிச்சை மட்டும் கிடைத்த கிராமங்களை விட மேல் அமுக்கம் சராசரியாக 5 அலகளவு கூடுதலாக இறங்கினதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

எங்களுக்கு ஆட்கள் தாங்களாகவே கூடுற இடம் ஒன்று இருக்கு. சிவராத்திரிக்குப் பாலாவியில் தீர்த்தம் மொண்டு வந்து லிங்கத்துக்கு வார்க்க எத்தனையோ ஊர்ச்சனம் திருக்கேதீஸ்வரத்துக்கு வருகுது. ஆம்பிளையளும் வருகினம். அங்கே ஒரு கொட்டில் போட்டு, நாலு மெசின் வைத்து, பயிற்சி எடுத்த பெடியள் பெட்டையளை இருத்தினால் என்ன?

விரதம், நித்திரை முழிப்பு, நடந்து வந்த களைப்பு எல்லாம் சேர்ந்த நேரத்தில் எடுக்கிற அளவு சரியாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் மெசினை விடக் கதிரைகள்தான் கூடத் தேவை. 5 நிமிசம் சாய்ந்து, கால் நிலத்தில் படக் கதையில்லாமல் இருக்கவேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும், இரண்டு தரம் அளக்கவேண்டும். அப்பவும் கூடவாக இருந்தால் "உங்களுக்குப் பிறசர்" என்று முடிவு சொல்லக்கூடாது. வேறொரு நாளிலும் அளந்துதான் அதை உறுதிப்படுத்தலாம். இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கையில் குடுத்து, கிட்டடியில் உள்ள வைத்தியசாலையின் பெயரையும் கிளினிக் நாளையும் அதே துண்டில் எழுதிவிடவேண்டும். அடுத்த சிவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கு. கதிரை ஆரிட்டக் கேட்கலாம் என்று இப்பவே யோசிக்கலாம்.