பெயர் பொய்த்த நோய்

மாணவர்க்கு இலக்கணம் கற்பிக்குங்கால், பொருளின் இயல்பை உணர்த்துவது காரணப்பெயர் என்போம். அவ்விதியைப் பொய்ப்பித்த பெயரொன்று மருத்துவ நூலில் உண்டு. குருதியிற் காணப்படும் ஒருவகைப் பிறபொருளெதிரிக்கு 1972ஆம் ஆண்டில் அறிஞர் இருவர் ‘லூப்பசு உறைவெதிரி’ எனப் பெயரிட்டனர். சோதனைக் குழாயில் அது குருதி உறைதலைத் தாமதிக்கச் செய்யும். உடலினுள்ளேயோ உறையவே செய்யும். பிறபொருளை எதிர்க்க வேண்டியது தன்னுடலையே எதிர்ப்பதால் விளையும் இந்நோயை 1983இல் இலண்டனில் கிரகாம் ஹியூஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் விளக்கியுரைத்தனர். ‘அன்டிபொஸ்போலிப்பிட்’ நோய் என்பது இன்றைய வழக்கு.

இந்நோயாளர்க்குக் கால் நாளங்களிற் குருதி கட்டுதலே மிகுதி. மூளைக்குச் செல்லும் நாடிகளும் அடைபடுவதுண்டு. அரிதாகப் பெருநாடியும் அதன் பெருங்கிளைகளுமே அடைபடும். அப்போது கால் குளிரும், வெளிறும், நாடித்துடிப்பு மறையும். மணிக்கணக்கிற் காலம் தாழ்த்தினும் உறுப்பு மீளாது. பெண்களுக்குக் கரு மீண்டும் மீண்டும் சிதைவதும் இந்நோயின் குறியாகலாம்.

இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். மூன்று முறை கரு சிதைந்தது. லயத்தார் அதனைத் தோஷம் என்றனர். ஒரு விடியலில் இடக்கால் குளிர்ந்தது. வண்டி கிடைத்து ஆசுபத்திரி சேரும்போது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழ் இழந்தாள். பின்னர், கொடுத்தனுப்பிய தாளுடன் என்னிடம் வந்தாள். “ஐயா, கீரையே தின்னக் கூடாதுன்னு சொல்றாங்க, நெசமா?” என்றாள். தாளிலிருந்த மொழிகள் இரண்டும் அவள் அறியாதவை. தமிழிலிருந்தால் படித்திருப்பாள், எழுத்தறிவித்தவன் நானே.

கீரையை விலக்க வேண்டியதில்லை. நாள்தோறும் ஒரே அளவாக உண்ண வேண்டும். கீரையிலுள்ள விற்றமின் கே, அவள் உண்ணும் வார்பரின் மாத்திரையின் வலிமையைக் குறைக்கும். அம்மாத்திரை குறைந்தால் குருதி கட்டும். மிகுந்தால் குருதி பெருகும். ஆதலின் குருதியை அடிக்கடி சோதித்து அளவை அமைத்தல் இன்றியமையாதது.

சோதனை வேண்டாப் புதிய மாத்திரைகள் உள்ளனவே எனலாம். 2018இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று, இந்நோய்க்குரிய மூவகைச் சோதனைகளிலும் தேறிய 120 பேரை ஆராய்ந்தது. புதிய ரிவரொக்சபான் உண்டவருள் நால்வர்க்கு மூளையிலும் மூவர்க்கு இதயத்திலும் நாடி அடைபட்டது. வார்பரின் உண்டவருள் ஒருவர்க்கும் அவ்வாறு நேரவில்லை. ஆய்வும் இடையில் நிறுத்தப்பட்டது. எனவே நாடி அடைபட்ட இத்தகையோர்க்குப் பழைய மருந்தும் சோதனையுமே அரண்.

அச்சோதனைக்காக நகருக்குச் செல்லும் நாளெல்லாம் அவள் வீட்டில் ஒரு நாட்கூலி போகிறது. கூலிக்கஞ்சிச் சோதனையைத் தள்ளினால் மற்றக் காலுக்கும் ஆபத்து. தோட்ட மருந்தகத்திலேயே குருதி எடுத்து நகரத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் பெருஞ்செலவன்று.

1987இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. அவ்வுரிமை நோயாளியின் கைத்தாளை இன்னும் எட்டாதது முறையோ? கலைச்சொற்களைப் பற்றி வாதிடும் பண்டிதராகிய நாமும் குற்றத்திற் பங்குடையோம். ‘கால் குளிர்ந்தால் அக்கணமே செல்க, மாத்திரையை நீயாக நிறுத்தாதே, கருவுற விழைந்தால் முன்னரே மருத்துவரிடம் சொல்’ என்னும் மூன்று வரிகளை மருத்துவர் சொல்ல, நாம் எளிய தமிழில் எழுதித் தருவோம். நோய்க்கு இட்ட பெயர் பொய்த்தது; நாம் கற்ற தமிழேனும் பொய்யாது பயன்படட்டும்.