கடிக்கிற பிராணியா, பயந்த பிராணியா?

"பொல்லாத பிராணி! கையை நீட்டினால் கடிக்கிறது!" ஹாம்ஸ்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரமே எழும் புகார் இது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குழந்தைகளுக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்கிற பிராணிகளில் ஹாம்ஸ்டரும் ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் உடல், பொன்னிற ரோமம், மணி போன்ற கண்கள், தானியத்தை அடைத்துக்கொள்ளக் கன்னத்தில் இரண்டு பைகள். பொம்மை என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள். தவறு அங்கேயே ஆரம்பமாகிறது.

பொம்மைக்குப் பூர்வோத்தரம் கிடையாது, இதற்கு உண்டு. 1930-ல் ஜெருசலம் ஹீப்ரு சர்வகலாசாலையைச் சேர்ந்த விலங்கியல் நிபுணர் இஸ்ரேல் அஹரோனி, சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலை ஆழமாகத் தோண்டச் செய்து, ஒரு தாயையும் 11 குட்டிகளையும் பிடித்தார். நம் வங்காளத்தையும் பீகாரையும் வாட்டிய காலா அஸார் வகை நோய்களை ஆராய, ஸால் அட்லர் என்ற விஞ்ஞானிக்குப் பிராணிகள் தேவைப்பட்டன. அதற்காகத்தான் இந்த வேட்டை. பிடிபட்ட கலக்கத்தில் தாய் தன் குட்டி ஒன்றைக் கடித்துக் கொன்றது. அஹரோனி தாயைக் கொன்றுவிட்டு மற்றக் குட்டிகளைக் கையால் பாலூட்டி வளர்த்தார். தப்பி ஓடியவை போக மிஞ்சிய சிலவற்றின் சந்ததிதான் இன்று வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் அநேகமாக எல்லாம்.

வம்சம் ஒன்று; சுபாவமும் ஒன்றா? ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் வாயாடி, மற்றவன் வாய் திறவாதவன் என்று இருப்பதில்லையா? ஒரு ஹாம்ஸ்டர் சில நாளிலேயே உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறிக்கும். இன்னொன்று விதையைப் பறித்துக்கொண்டு மூலைக்கு ஓடிவிடும். வேறொன்று கையைக் கண்டதும் மல்லாந்து விழுந்து, பல்லைக் காட்டிக் கீச்சிடும். இதைத்தான் பொல்லாதது என்கிறார்கள். உண்மையில் எல்லாவற்றிலும் பயந்தது அதுதான்.

மேலிருந்து இறங்கும் கை அதற்குக் கை அல்ல, ஆந்தை! பார்வையோ மந்தம், மூக்கால்தான் ஆளை அறிகிறது. பகலெல்லாம் தூங்கி இரவில் நடமாடும் பிராணியை, பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை உலுக்கி எழுப்பினால் கடிக்காமல் என்ன செய்யும்? நடுநிசியில் யாராவது நம்மைக் காலைப் பிடித்துத் தூக்கினால் நாம் கும்பிடவா போகிறோம்?

முதல் சில நாட்கள் அதைச் சும்மா விட்டுவிட வேண்டும். பிறகு மாலை வேளையில், அது தானாக எழுந்த பின், கையைக் கூண்டின் தரையில் வைத்து அசையாமல் காத்திருக்க வேண்டும். முகரட்டும், போகட்டும், மறுபடி வரட்டும். கையை முன்னதாகவே கழுவிவிடுவது நல்லது. வேர்க்கடலை வாசனை வீசும் விரலை அது கடலை என்றே எண்ணும். அந்தக் கடியில் கோபம் துளியும் இல்லை. இரண்டு மூன்று வாரமானாலும் பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் ஆயுளே இரண்டு அல்லது மூன்று வருஷம். அதில் ஒரு மாதம் என்பது, அறுபது வயது மனிதனுக்குச் சுமார் இரண்டு வருஷம். காத்திருக்கும் கஷ்டம் நமக்கு மட்டும் இல்லை.

தனியாக இருக்கிறதே என்று இரங்கி அதே கூண்டில் இன்னொன்றை விடுகிறவர்கள் உண்டு. அந்த இரக்கம் வேண்டாம். வளர்ந்த பொன்னிற ஹாம்ஸ்டர்கள் ஒரே கூண்டில் இருந்தால், ஒன்றையொன்று கொல்லும் வரைகூடச் சண்டை போகும்.

சிறு குழந்தையிடம் இதை முழுதாக ஒப்படைப்பது குழந்தைக்கும் நியாயமல்ல, பிராணிக்கும் நியாயமல்ல. கடி பட்டவுடன் குழந்தை கையை உதறும். விரலில் பட்ட காயம் ஆறிவிடும். உயரத்திலிருந்து விழுந்த ஹாம்ஸ்டருக்கு எலும்பு முறிந்துவிடும். எனவே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் சேர்த்துத் தாங்கியே எடுக்க வேண்டும். பெரியவர் ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மாதங்கள் சென்றும் கையில் ஏற விரும்பாத ஹாம்ஸ்டர்களும் உண்டு. அவற்றை வற்புறுத்துவானேன்? விளக்கைத் தணித்துவிட்டு எட்ட உட்கார்ந்தால், அது சக்கரத்தில் ஓடுவதையும், கன்னம் இரண்டும் புடைக்கத் தானியம் சுமந்து போய்ப் புதைப்பதையும் பார்க்கலாம். ஆள் இருப்பது அதன் மூக்குக்குத் தெரியும். தெரிந்தும் அது வேலையை நிறுத்துவதில்லை.