பல்லுக்கும் கணக்கு உண்டு!

தோழர்களே! பல் வைத்தியத்துக்கும் பேரேட்டுக்கும் என்ன பொருத்தம் என்று சிரிக்கத் தோன்றும். சிரியுங்கள். சிரிக்கப் பல் வேண்டும். பல்லைக் காக்கப் பணம் வேண்டும். பணம் கைமாறும் இடத்திலே கணக்கு வேண்டும். பொருத்தம் அங்கேதான் இருக்கிறது.

தூத்துக்குடி உப்பளத்திலே உப்பு வாரும் தாய்க்கும், துறைமுகத்திலே சரக்கு ஏற்றும் தொழிலாளிக்கும், விசைப்படகிலே வலை இழுக்கும் மீனவனுக்கும் பல்வலி வந்தால் என்ன நடக்கிறது? முதல் நாள் கிராம்பு. மறுநாள் மாத்திரை. முகம் வீங்கிய பிறகே பல் மருத்துவரின் படி ஏறுகிறார்கள். "வேர் சிகிச்சை செய்ய வேண்டும், மூன்று நான்கு முறை வர வேண்டும்" என்கிறார் மருத்துவர். "மேலே உறை போட வேண்டும், அளவெடுத்து வெளியே கொடுத்துச் செய்து வாங்க வேண்டும், முன்பணம் கொடுங்கள்" என்கிறார். நியாயம்தான். அன்றைய கூலியை இழந்து வந்தவர், கடன் வாங்கிய பணத்தை எடுத்து நீட்டுகிறார். பணம் கல்லாவுக்குள்ளே போகிறது. ரசீது வெளியே வருகிறதா?

ஒழுங்காக எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. அவர்களை வாழ்த்துவோம். கொடுக்காதவர்களைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. போட்ட உறை மறு மாதமே கழன்று விழுந்தால், எவ்வளவு கட்டினீர்கள், என்றைக்குக் கட்டினீர்கள் என்ற கேள்வி வருமே! பதில் சொல்ல நாக்கு மட்டும்தானே இருக்கும்? காகிதம் பேசும் இடத்தில் நாக்கு எடுபடுமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1962ஆம் ஆண்டு வருமானவரி விதிகளிலே 6-எஃப் என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாய் உள்ள மருத்துவத் தொழிலினர் நாள்தோறும் ஓர் ஏடு எழுத வேண்டும் என்றது அது. நோயாளியின் பெயர், செய்த சிகிச்சை, பெற்ற கட்டணம், பெற்ற தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். 25 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு வரிசை எண்ணும் நகலும் வேண்டும் என்றது. 2025இல் வருமானவரிக்குப் புதுச் சட்டம் வந்தது. கணக்கு வைக்கும் கடமை போய்விடவில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. ஆனால் ரசீது இல்லாத உரிமை, துடுப்பு இல்லாத தோணி!

மருத்துவர்களுக்கும் ஒரு சொல். கணக்கு என்றதும் வரி அதிகாரிக்குக் காட்டும் பூச்சாண்டி என்று நினைக்காதீர்கள். முன்பணம் வாங்கிய அன்றே அது உங்கள் வருமானம் ஆகிவிடாது; வேலை முடியும் வரை நோயாளிக்கு நீங்கள் பட்ட கடன் அது. உறை செய்து தந்தவருக்குக் கொடுக்க வேண்டியது உண்டு. பசை, ஊசி, மருந்து இருப்பு உண்டு. நாற்காலி வாங்கிய கடனுக்குத் தவணை உண்டு. அந்த நாற்காலியின் தேய்மானமும் உண்டு. இவற்றை எல்லாம் எழுதாமல், கல்லாவிலிருந்தே வீட்டுக்கு அரிசியும் வாங்கினால், மாதக் கடைசியில் லாபமா நட்டமா என்று எப்படித் தெரியும்? தெரியாதபோது என்ன செய்வீர்கள்? குத்துமதிப்பாகக் கட்டணத்தை ஏற்றுவீர்கள். அந்தக் குத்துமதிப்பு யார் தலையில் விழுகிறது? கூலி வாங்கிப் பிழைப்பவர் தலையில்!

கணக்கு இந்தக் கரைக்குப் புதிதா? மன்னார் வளைகுடாவிலே சலாபம் நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடியில் அது 1961ஆம் ஆண்டோடு நின்றது. மூச்சடக்கி மூழ்கி எடுத்த சிப்பி கரையிலே குவியும். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று ஏலம் போடுவார்கள். உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒரு பங்குதானா என்பது தனி வழக்கு. ஆனால் தன் பங்கு எது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

1906ஆம் ஆண்டு இதே ஊரிலே வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். வெள்ளையனை எதிர்த்த வீரம்கூடப் பங்குக் கணக்கிலேதான் கால் ஊன்றியது. கப்பலுக்குக் கணக்கு வைத்த ஊரிலே கடைவாய்ப் பல்லுக்குக் கணக்கு வைக்க முடியாதா?

ஆகவே தோழர்களே! சிகிச்சைக்கு முன் மொத்தச் செலவை எழுதித் தரக் கேளுங்கள். ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் எண்ணிட்ட ரசீது கேளுங்கள். அதை வீட்டுப் பெட்டியிலே பத்திரப்படுத்துங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரோடு, படித்த தோழர் ஒருவர் துணைக்குப் போங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் வராதீர்கள். ரசீது கேட்பது சந்தேகம் அல்ல, உரிமை. கொடுப்பது சலுகை அல்ல, கடமை!